கோடியக்கரைச் சாலையும் காவிரிப் படுகை நெடுஞ்சாலைகளின் எண் மாற்றமும்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குச் செல்லும் சாலை தமிழ்நாட்டின் மாநில நெடுஞ்சாலை 63 ஆகும். ஏறத்தாழ 110 கி.மீ. நீளமுள்ள இச்சாலை, வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை சட்டென மேற்கே மடங்கும் முனையில் முடிகிறது. இதைச் சூழ்ந்திருக்கும் தேசிய நெடுஞ்சாலைகள் எல்லாம் 2010இல் புது எண் பெற்றன. கிளைச் சாலைகளாகவும் மாற்று வழிகளாகவும் எழுத்தொட்டுடன் அழைக்கப்பட்டவை தனி எண்ணுள்ள சாலைகளாயின. படுகையின் சாலை வரலாற்றில் அது பெரிய மாற்றம்.

பழைய எண்கள்

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டு 1957இல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்து எண் வரிசையில் தமிழகத்தின் முதுகெலும்பு 45. சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வழியாகத் தேனிக்குச் சென்ற இந்தச் சாலையின் சென்னைப் பகுதியை மக்கள் இன்றும் ஜிஎஸ்டி ரோடு என்றே சொல்கிறார்கள். பின்னாளில் தேசிய நெடுஞ்சாலைத் தகுதி பெற்ற வழிகள் பல, 45க்குப் பின்னால் ஓர் எழுத்தை ஒட்டிக்கொண்டு பிறந்தன. விழுப்புரத்தில் பிரிந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் சென்றது 45ஏ. திருச்சியிலிருந்து மதுரை, தூத்துக்குடிக்குப் போனது 45பி. விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, அணைக்கரை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வந்தது 45சி.

சென்னையிலிருந்து தஞ்சாவூர் போகிறவருக்கு இவை உண்மையிலேயே மாற்று வழிகளாக இருந்தன. 45இல் நேரே திருச்சி போய், அங்கிருந்து தஞ்சாவூர் வரும் 67ஐப் பிடித்துத் திரும்பலாம். விக்கிரவாண்டியிலேயே இறங்கிக் கும்பகோணம் வழியாக வரலாம். நேரம் இருந்தால் கடலோரமாகவும் சுற்றிவரலாம். ஆனால் கும்பகோணம் சாலை திருச்சி சாலையின் கிளை அன்று. அது சோழர் தலைநகரங்களைத் தொட்டுச் செல்லும், படுகைக்கே உரிய பாதை. அதைச் சென்னை–தேனிச் சாலையின் மூன்றாம் ஒட்டாக எண்ணியது நிர்வாகத்தின் வசதிக்காக மட்டுமே.

படுகைக்குள் எழுத்தொட்டு இல்லாத பெரிய சாலையாக இருந்தது 67. நாகப்பட்டினத்தில் தொடங்கித் திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி, கரூர், கோயம்புத்தூர், உதகை வழியாகக் கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டையில் முடிந்தது. கடல் மட்டத்தில் கிளம்பி நீலகிரியில் ஏறிய சாலை ஒரே எண்ணில் இருந்தது ஓர் அழகுதான்.

மாற்றுச் சாலைக்குப் பெயரிடும் சிக்கல் உலகெங்கும் உள்ளது. அமெரிக்காவில் 1926இல் நெடுஞ்சாலைகளுக்கு எண் கொடுத்தபோது, ஒரே எண் இரண்டு வழியாகப் பிரியும் இடங்களில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று திசையெழுத்தை ஒட்டினார்கள். பயணிகள் குழம்பியதால் 1934இல் பிரிந்த சாலைகளில் பலவற்றை நீக்கி, ஒன்றை முதன்மையாகவும் மற்றதை 'மாற்றுச் சாலை' என்றும் பலகையில் எழுதும் முறைக்கு மாறினார்கள்.

2010இன் ஒழுங்கு

இந்தியா வேறு வழியில் சென்றது. ஒட்டெழுத்தைத் திருத்திக்கொண்டிராமல் நாடு முழுவதற்கும் எண்ணைப் புதிதாக எழுதியது. வடக்கு–தெற்காகச் செல்பவை இரட்டைப்படை. கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு–மேற்காகச் செல்பவை ஒற்றைப்படை. வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். கிளைகளுக்கு மூன்று இலக்கம்: பின்னிரண்டும் தாய்ச்சாலையின் எண், முன்னிலக்கம் கிளையின் வரிசை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகத் தஞ்சாவூர் வரும் 136, இம்முறையில் 36இன் கிளை.

இந்த ஒழுங்கின் அருமையைத் தமிழகக் கடற்கரையில் நின்று பார்க்க வேண்டும். உள்நாட்டிலிருந்து கிழக்கே வரும் ஒற்றைப்படைச் சாலைகள் வடக்கிலிருந்து தெற்காகப் படிக்கட்டுபோல் இறங்குகின்றன: சிதம்பரத்துக்கு 81, நாகப்பட்டினத்துக்கு 83, தொண்டிக்கு 85, தனுஷ்கோடிக்கு 87. குறுக்கே கடலோரமாக 32, அதற்கு மேற்கே விக்கிரவாண்டி–கும்பகோணம்–தஞ்சாவூர்–புதுக்கோட்டை–மானாமதுரை 36, இன்னும் மேற்கே 38, அப்பால் 44. எண்ணைக் கேட்டதும் சாலை எந்தத் திசையில், ஏறக்குறைய எந்த இடத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். பழைய வரிசையில் இது முடியாது. 45சி ஒட்டாக இருந்த நிலை மாறி 36 என்று தனித்து நின்றதும், 2010 பட்டியலில் நாகப்பட்டினத்தோடு நின்ற 32 பின்னர் தூத்துக்குடி வரை நீண்டதும் படுகைக்குக் கிடைத்த நியாயமான இடம்.

இதற்கு ஈடாகப் பழைய 45 துண்டு துண்டானது. திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, திருச்சி வரை 38, திண்டுக்கல் வரை 83, தேனிக்கு 183 என ஒரு சாலை ஐந்து எண்ணாயிற்று. 67ம் அப்படித்தான்: நாகை–திருச்சி 83, திருச்சி–கோவை 81, கோவை–குண்டலுப்பேட்டை 181. கழற்றிய எண்களும் சும்மா இருக்கவில்லை. இன்றைய 45 மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர் வழியாகச் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் செல்கிறது. இன்றைய 67 கர்நாடகத்தின் ஹூப்ளி, பெல்லாரி வழியாக ஆந்திரக் கடற்கரைக்குப் போகிறது. நம்முடைய 83 முன்பு பீகாரில் பாட்னா–கயா சாலையின் எண். ஆகவே பழைய வரைபடத்தையோ பழைய அரசாணையையோ படிப்பவர் முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும். 'தேசிய நெடுஞ்சாலை 67' என்ற சொல் 2005இன் தாளில் தஞ்சாவூரைக் குறிக்கும், 2015இன் தாளில் பெல்லாரியைக் குறிக்கும். சில ஆண்டுகளாவது பலகைகளில் பழைய எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தால் எத்தனையோ குழப்பம் குறைந்திருக்கும்.

கோடியக்கரைக்கு ஏன் தேசிய எண் இல்லை

83க்கும் 85க்கும் நடுவே, கடலுக்குள் நீட்டிய மூக்கு கோடியக்கரை. கடலோரச் சாலையான 32 இயல்பாக இங்கு வந்து திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே இறங்கி, மூலையைத் தொடாமல் திருத்துறைப்பூண்டிக்கு உள்வாங்கி, முத்துப்பேட்டையில் மறுபடி கடலை அணுகுகிறது. காரணம் நிலம். கோடியக்கரைக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் அலையாத்திக் காடும் கிடக்கின்றன. காவிரியின் கடைசிக் கிளையாறுகள் கலக்கும் உவர்நிலம் அது. முனைக்கு வரும் சாலை வந்த வழியே திரும்பத்தான் வேண்டும். இந்த ஈரநிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பெருஞ்சாலை விலகிப்போனதை நான் இழப்பாகக் கருதவில்லை. 1967இல் சரணாலயமான காட்டில் வெளிமான்கள் சாலையோரம் அச்சமின்றி மேய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாநில நெடுஞ்சாலை என்பதால் 63இன் கிலோமீட்டர் கல்லுக்குத் தலையில் பச்சை; தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்கு மஞ்சள். திருத்துறைப்பூண்டியில் இரண்டு நிறங்களும் சந்திக்கின்றன. வேதாரண்யம் தாண்டினால் அகத்தியம்பள்ளி உப்பளங்கள். வெள்ளைக் குவியல்கள் தென்னங்கீற்றுப் போர்த்தி வரப்போரம் வரிசையாக நிற்கும். பிறகு கோடியக்காடு. உப்பங்காற்று மாறிக் காட்டின் மணம் வரும்போது முனை இன்னும் சில கிலோமீட்டர்தான்.

இச்சாலையின் தென்பாதி 1930இல் நாட்டுக்கே தெரிந்தது. ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியின் உப்பு சத்தியாகிரகப் படை, நேர்வழியை விட்டுக் கும்பகோணம் சுற்றி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தது. நடைப்படைக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர் ஊராகத் தங்கிச் செல்வதே நோக்கம் என்பதால் சுற்றுவழியே சரியான வழியாக இருந்தது.

வழி அடைபடும்போதுதான் மாற்றுச் சாலையின் அருமை தெரியும். அணைக்கரையில் கொள்ளிடத்தின் மேல் உள்ள பழைய குறுகிய பாலத்தில் கனரக வண்டிகள் தடுக்கப்பட்டபோது, சென்னை–கும்பகோணம் பேருந்துகள் சுற்றிப் போக நேர்ந்தது. அப்போது எண்ணில் தேசிய நெடுஞ்சாலை, பாலத்திலோ ஒற்றை வண்டி அகலமாக இருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது 63இன் மேல் மரங்களும் மின்கம்பங்களும் குறுக்கே விழுந்தன. வேதாரண்யம் வட்டாரம் தனித்துப்போனது. வெட்டி ஒதுக்கிய பிறகே உதவி உள்ளே வந்தது. ரயிலும் அப்போது இல்லை. அகத்தியம்பள்ளிப் பாதை அகலமாக்கப்பட்டு மீண்டும் திறந்தது 2023 ஏப்ரலில்தான்.

மக்கள் வழக்கு

எண் எதுவானாலும் படுகையில் சாலைக்குப் பெயர் ஊர்தான். பத்திரத்தின் நான்கெல்லையில் 'வேதாரண்யம் மெயின் ரோட்டுக்கு மேற்கு' என்று எழுதினால் எந்த எண் மாற்றமும் அதைக் கெடுப்பதில்லை. 32 ஊர் வாயில் 'ஈசிஆர்'. இரண்டு சாலை பிரியும் இடம் 'கைகாட்டி'. அங்கே பலகை இற்று விழுந்த பிறகும் பேருந்து நிறுத்தத்தின் பெயராக அது நிலைத்துவிடுகிறது. ஆடி, தை அமாவாசைகளில் ஆதிசேது என்று போற்றப்படும் கோடியக்கரைக் கடலில் முழுக்குப்போட வருகிறவர்கள், தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் 'கோடியக்கரை போகுமா?' என்று கேட்டு ஏறி, தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இறங்குகிறார்கள்.