நீலி அழுதது பொய்யா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் சில கடைப் பலகைகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஓர் எழுத்தைப் பார்க்கலாம். வட்டமும் கட்டமும் கோடுமாக. கொரிய எழுத்து. உபயம், ஹூண்டாய். 1996-ல் வந்த கம்பெனி, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது. அதன் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள், அதிகாரிகள், அவர்களுக்குச் சமைக்க ஓட்டல்கள்.

கார் வந்தது, சாப்பாடு வந்தது. கதை வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓர் ஊரின் கதைக்கு கொரியாவில் ஒரு சொந்தக்காரி இருப்பது தெரிந்திருக்கும்.

முதலில் கொரியக் கதை. அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதைதான்.

அக்கா ஜாங்வா, தங்கை ஹொங்னியோன். ரோஜா, செந்தாமரை என்று அர்த்தம். அம்மா செத்துப்போக, அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறார். வந்த சித்திக்கு மூன்று பிள்ளைகள் பிறக்கிறார்கள். அக்காவுக்குக் கல்யாணம் பேசியதும் சித்திக்குப் பொறுக்கவில்லை. சீர் கொடுத்தே சொத்து கரைந்துவிடுமே! ஓர் எலியைப் பிடித்துத் தோலை உரித்து அக்காவின் படுக்கையில் போட்டுவிட்டு, 'ஐயையோ, கள்ளக் கர்ப்பத்தைக் கலைத்துவிட்டாள்' என்று ஒப்பாரி வைக்கிறாள். அப்பா நம்பிவிடுகிறார். அக்காவைக் குளத்தில் தள்ளிக் கொல்கிறார்கள். அது தெரிந்து தங்கையும் அதே குளத்தில் விழுகிறாள்.

அதற்குப் பிறகுதான் விஷயமே. இரண்டு பேய்களும் சித்தியின் கழுத்தை நெரிக்கப் போகவில்லை. ஊர் அதிகாரியிடம் மனு கொடுக்கப் போகின்றன! நடுராத்திரியில் ஈரத் தலையோடு வந்து நின்றால் எந்த அதிகாரி தாங்குவார்? பார்த்த பயத்திலேயே செத்துப்போகிறார். அடுத்தவர் வருகிறார், அவரும் காலி. கடைசியில் துணிச்சலான ஒருவர் வந்து, ஓடாமல் உட்கார்ந்து, 'என்னம்மா வேண்டும்?' என்று கேட்கிறார்.

விசாரணை நடக்கிறது. சித்தி சாமர்த்தியசாலி, காய்ந்துபோன 'கரு'வைச் சாட்சியாகக் காட்டி அவரையும் நம்பவைத்துவிடுகிறாள். பேய்கள் மறுபடி வந்து, 'வயிற்றைக் கிழித்துப் பாருங்கள்' என்கின்றன. கிழித்தால், உள்ளே எலிப் புழுக்கை. சித்திக்கு மரண தண்டனை.

ஜோசன் அரச வம்சம் ஆண்ட 17-ம் நூற்றாண்டில், சொல்சான் என்ற ஊரில் நடந்த வழக்கிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்பது கொரிய மரபு. 1924-லேயே மௌனப் படமாக எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் பல முறை எடுத்தார்கள். உலகத்தை நடுங்கவைத்தது 2003-ல் கிம் ஜீ-வூன் எடுத்த 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்'.

அவர் செய்த பெரிய மாற்றம் ஒன்றுதான். அந்த அதிகாரியைத் தூக்கிவிட்டார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஓர் அக்கா, பயந்த தங்கை, சிரிக்கும் சித்தி, வாயே திறக்காத அப்பா. கடைசியில்தான் தெரிகிறது, தங்கை எப்போதோ செத்துவிட்டாள். நாம் பார்த்துப் பயந்த சித்தி பெரும்பாலும் அக்காவின் மனசுக்குள் இருந்தவள். பழைய கதையில் பேய்க்குக்கூடக் கோர்ட் இருந்தது. படத்தில் உயிரோடு இருக்கும் பெண்ணுக்கே சொல்லி அழ ஆள் இல்லை. பயம் அங்கிருந்துதான் வருகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் வழியாகப் போனால் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் பேய் உருவத்தோடு வந்து சேர்ந்த தலம். அதை ஒட்டி இருக்கிறது பழையனூர். சின்ன ஊர்தான், ஆனால் சரித்திரத்தில் இடம்பிடித்த ஊர். 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. சோழர் வரலாற்றுக்கே அடிப்படை ஆவணம். ராஜேந்திர சோழன் அவற்றில் கோயிலுக்கு எழுதிக்கொடுத்திருப்பது இந்தப் பழையனூரைத்தான்.

அந்த ஊரின் பேய், நீலி. கதைக்குப் பல வடிவங்கள் உண்டு, எலும்புக்கூடு ஒன்றுதான். காஞ்சிபுரத்துக்காரன் ஒருவன் வெளியூரில், முதல் மனைவி இருப்பதை மறைத்து இன்னொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். ஊர் திரும்பும் வழியில், திருவாலங்காட்டுக் காட்டில் அவளைக் கொன்றுபோடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வியாபாரி. அவள் பேய். பேயால் சாவு என்று ஜோசியம் சொல்லியிருப்பதால் மந்திரித்த கத்தி இல்லாமல் அவன் வெளியே கிளம்புவதில்லை.

பழையனூருக்கு அவன் வரும்போது நீலி பின்தொடர்கிறாள். ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களான எழுபது வேளாளர்கள் முன்னால் போய் அழுகிறாள். 'இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்.' அவன் 'ஐயா, இது பேய்' என்று கதறுகிறான். குழந்தை 'அப்பா' என்று அவனிடம் தாவுகிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? தீர்ப்பு ஆகிவிட்டது. கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, 'உன் உயிருக்கு எங்கள் எழுபது பேர் உயிரும் ஈடு' என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் வயிறு கிழிந்து கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் உயிர் விட்டார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரே தன் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்தச் சம்பவத்தைத் தொட்டுச் சொல்கிறார். அப்படியானால் கதை அதைவிடப் பழசு. வேளாளர்கள் தீயில் இறங்கியதாகச் சொல்லும் இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. பிறகு சமணர்கள் நீலியை எடுத்துக்கொண்டார்கள். 'நீலகேசி' காப்பியத்தில் அவள் ஒரு முனிவரைப் பயமுறுத்தப் போய், மனம் மாறி, பௌத்தரையும் மற்றவர்களையும் வாதில் வெல்லும் தத்துவவாதி ஆகிவிடுகிறாள். திகில் கதையைத் தலைகீழாகத் திருப்பிய வேலை அது!

ஆக, எழுபது பேருக்கு மண்டபம். நீலிக்குக் காப்பியம். அவளைக் கொன்றவனுக்கு? அவனுக்குக் கிடைத்த பரிசு நம் பேச்சு வழக்கில் இருக்கிறது. பொய்யாக அழுதால் 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். கொலைகாரனின் வாக்குமூலத்தைத்தான் தமிழ் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். குழந்தை பொய், வேஷம் பொய், சரி. ஆனால் அவள் கொலை செய்யப்பட்டவள் என்பது நிஜம். அதைச் சொல்லி அவள் சபையில் நிற்க வழி இல்லை. புருஷன் கைவிட்ட பெண் என்றால் சபை கேட்கும். புருஷன் கொன்ற பெண் என்றால் கேட்காது. கொரிய அதிகாரி பேய் என்று தெரிந்தே உட்காரவைத்துக் கேட்டார். அங்கே பேய் உண்மையைச் சொன்னது. இங்கே பேய் என்று தெரிந்தால் விரட்டுவார்கள். அதனால் பொய் சொன்னது. வித்தியாசம் பேய்களிடம் இல்லை. கேட்கிறவர்களிடம் இருக்கிறது.

இது பழங்கதை மட்டும்தானா? 2021 டிசம்பரில் இதே தொழிற்பேட்டையில் என்ன நடந்தது? சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சில பெண்கள் செத்துவிட்டார்கள் என்று செல்போன்களில் செய்தி பறந்தது. கூட வேலை பார்த்தவளைக் காணோம் என்ற பயத்தில், டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் எழுந்திருக்கவில்லை.

யாரும் சாகவில்லை. அது வதந்தி. வதந்தி பரப்பியதாகக் கைதும் நடந்தது. ஆனால் நெரிசலான அறை, மோசமான கழிப்பறை, கெட்ட சாப்பாடு இதெல்லாம் வதந்தி இல்லை. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது.

சாப்பாடு சரியில்லை என்ற நிஜத்துக்கு நிற்காத லாரி, செத்துப்போனாள் என்ற பொய்க்கு நின்றது.

நீலியை வைத்து யாராவது திகில் படம் எடுத்தால் எடுக்கட்டும். கள்ளிக் குழந்தை, கத்தி, கிழிந்த வயிறு, எல்லாம் தயாராக இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். அவள் சபையில் அழுகிற காட்சியை மட்டும் அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். அந்தக் கண்ணீர் நீலிக் கண்ணீர் இல்லை.