காட்டுக்குள் ஐந்து தோட்டா – 9: ஓபர்ன்டார்ஃபிலிருந்து வந்த போல்ட்

பகாங் காட்டுக்குள் ஒரு செலாடாங்கைத் தேடிப் போன கமிஷனர் சையர்ஸ் என்ன ஆனார் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஆண்டு 1897. மாதம் ஜூலை.

அவர் உயிரோடு திரும்பவில்லை.

ஹாரி சார்லஸ் சையர்ஸ் சாதாரண ஆள் அல்லர். சிலாங்கூர் போலீஸ் படையைக் கட்டி எழுப்பியவர். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கையும் இணைத்து 1896இல் மலாய்க் கூட்டரசு உருவானபோது அதன் முதல் போலீஸ் கமிஷனராக அமர்ந்தவர். கலகக்காரர்களையும் கொள்ளையர்களையும் எதிர்கொண்டு பழகிய அந்த மனிதரைச் சாய்த்தது ஒரு காட்டு விலங்கின் கொம்பு.

செலாடாங் என்று மலாய்க்காரர்கள் சொல்வது வேறொன்றுமில்லை, நம் நீலகிரியிலும் ஆனைமலையிலும் காட்டுமாடு என்று சொல்கிறோமே, அதேதான். தோள் உயரம் ஆறடியைத் தொடும். வளர்ந்த காளை ஒரு டன் எடை வரை போகும். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் அது சாவகாசமாக மேய்வதைப் பார்த்தவர்களுக்கு அதன் கோபம் தெரியாது. காயம்பட்ட காளை ஓடித் தப்பாது. புதருக்குள் நின்று, வருகிறவனை வரவிட்டு, கை எட்டும் தூரத்தில் பாயும். மலாயாவின் காட்டில் பத்து கஜத்துக்கு அப்பால் பார்வை போகாது. புலியைவிட இதற்கே அனுபவசாலிகள் அதிகம் அஞ்சினார்கள்.

அந்தக் காலத்து வேட்டைக்காரர்களின் கையில் இருந்தது பெரும்பாலும் இரட்டைக் குழல் துப்பாக்கி. வெல்வெட் விரித்த பெட்டியில் வைத்து விற்ற அழகான பொருள். அதன் குறை ஒன்றே: இரண்டு முறைதான் சுடலாம். மூன்றாவது வேண்டுமென்றால் நடுவில் மடக்கி, வெற்றுக் கூட்டைத் தள்ளி, புதுத் தோட்டாவைச் செருகி, மறுபடி பூட்ட வேண்டும். பத்து கஜத்தில் ஒரு டன் எடை பாய்ந்து வரும்போது அதற்கு நேரம் ஏது?

சையர்ஸ் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த மூன்றாவது தோட்டாவுக்கான பதில் ஒரு ஜெர்மானியச் சிற்றூரில் தயாராகிவிட்டது.

*

ஊரின் பெயர் ஓபர்ன்டார்ஃப். நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆளின் பெயர் பால் மௌசர். 1838இல் பிறந்தவர், துப்பாக்கித் தொழிலாளியின் மகன். வாழ்நாள் முழுவதும் ஒரே ஒரு சிக்கலைத் திருப்பித் திருப்பித் தீர்த்துக்கொண்டிருந்தவர். 1898 ஏப்ரலில் ஜெர்மானிய ராணுவம் ஏற்றுக்கொண்ட அவருடைய துப்பாக்கிதான் இன்றைய நல்ல வேட்டைத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றுக்குப் பாட்டன்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? கொஞ்சம் நின்று பார்ப்போம். இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் இதைப் புரிந்துகொண்டால்தான் இனி வரும் வாரங்களின் மனிதர்களையும் புரிந்துகொள்ள முடியும்.

போல்ட் என்பது வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் போன்ற ஓர் எஃகு உருளை. கைப்பிடியை மேலே தூக்கினால் பூட்டு அவிழும். அந்த ஒரே அசைவில் உள்ளே இருக்கும் சுருள்வில்லும் முறுக்கேறிவிடும். பின்னால் இழுத்தால் வெற்றுக் கூடு துள்ளி வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடியறையிலிருந்து அடுத்த தோட்டா ஏறும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டு விழும். மேலே, பின்னே, முன்னே, கீழே. பழகிய கைக்கு இமைப்பொழுது வேலை.

மௌசரின் மேதைமை அந்த உருளையின் பக்கவாட்டில் இருக்கிறது. விரல் நீளத்துக்கு மேல் ஒரு வில்லெஃகு நகம். அடியறையை விட்டுத் தோட்டா மேலே வரும் கணத்திலேயே அதன் விளிம்பை இந்த நகம் பற்றிக்கொள்கிறது. வெற்றுக் கூடாக வெளியே எறியும்வரை விடுவதில்லை. பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளி நிறுத்திவிட்டு மறுபடி இழுத்தாலும் ஒரு தோட்டாவின் முதுகில் இன்னொன்று முட்டிச் சிக்காது. துப்பாக்கி சாய்ந்திருந்தாலும் தலைகீழாக இருந்தாலும் அதேதான். உருளையின் முன்தலையில் இரண்டு பூட்டுப் பற்கள். அவை உடைந்தால் முகத்தைக் காப்பாற்றப் பின்னால் மூன்றாவது பல் ஒன்று. தோட்டாவின் அடி வெடித்துவிட்டால் நெருப்புக் காற்று கண்ணுக்கு வராமல் கீழே போகத் துளைகள். மனிதன் பயப்படுவான், கை நடுங்கும், தப்புச் செய்வான் என்று தெரிந்தே செய்த இயந்திரம் இது. நல்ல பொருள் என்று நான் மதிப்பது இதைத்தான். மரத்தில் செதுக்கிய பூவேலைக்கும் வெள்ளித் தகட்டுக்கும் மதிப்பு அதற்கப்புறம்.

லண்டனில் இதைச் சட்டென்று அடையாளம் கண்டவர் ஜான் ரிக்பி. அவர் கண்டதில்தான் சுவாரசியம். 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டிலிருந்த பிரிட்டிஷ் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் தலைவராக இருந்தவர் அவர். .303 ராணுவத் துப்பாக்கி உருவான காலம் அது. தன் நாட்டு ஆயுதத்தை உள்ளும் புறமும் அறிந்த அவர், 1775இல் டப்ளினில் தொடங்கிய தம் குடும்பத் தொழிலுக்கு ஜெர்மானியன் செய்த போல்ட்டைத் தேர்ந்தெடுத்தார். 1898இல் பிரிட்டனுக்கும் அதன் குடியேற்றங்களுக்கும் மௌசரின் முகவராகி, ஓபர்ன்டார்ஃபிலிருந்து வந்த எஃகுக்கு வால்நட் மரமும் இலைக் குறிமுள்ளும் வைத்து விற்றார். ஜெர்மானியர் ஏழு மில்லிமீட்டர் என்றதை அவர் .275 ரிக்பி என்றார்.

நம் வாசகர்கள் அந்தத் துப்பாக்கியை ஏற்கெனவே அறிவார்கள். 1907இல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹெவெட் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்தது ஒரு .275 ரிக்பிதான். கார்பெட் அதை நெடுங்காலம் வைத்திருந்தார், பின்னர் அது அவருடைய பதிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2015இல் அதை ரிக்பி நிறுவனமே வாங்கிக்கொண்டது. ஆப்பிரிக்காவில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதே சிறு தோட்டாவைக் கொண்டு நூற்றுக்கணக்கில் யானைகளை வீழ்த்தினார். அந்த எண்ணிக்கையை நான் கொண்டாடவில்லை. ஆனால் எங்கே சுடுவது என்று அறிந்தவனுக்குப் பெரிய குண்டு தேவையில்லை என்பதை அது நிரூபித்தது.

அந்தப் போல்ட் இனிக் கப்பலேறி மலாயாவுக்கு வர வேண்டும். வந்ததும் அதைத் தாக்கியது புலியும் அல்ல, செலாடாங்கும் அல்ல.

*

துரு.

பேராக்கின் ஈரத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தைப்பிங் தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. அன்றைய தோட்டாவின் அடிமருந்து வெடித்தால் குழலுக்குள் ஒருவகை உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். மாலையில் சுட்டுவிட்டு, களைப்பில் அப்படியே சாய்த்து வைத்துப் படுத்தால், குழலின் உள்சுவர் பழுக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு கரையாது. கொதிக்கும் நீரைக் குழல்வழியே ஊற்ற வேண்டும். சூட்டிலேயே அது உலர்ந்ததும், துணி மாற்றி மாற்றித் துடைத்து, ரங்கூன் எண்ணெய் தடவ வேண்டும். கட்டை மரமும் ஈரத்தில் ஊதும். ஊதிய மரம் குழலைத் தொட்டால், நேற்று நேராகச் சுட்ட துப்பாக்கி இன்று கோணும். ஆகவே காட்டுக்குள் போகுமுன் ஒரு முறை குறிவைத்துச் சரிபார்ப்பது வேட்டைக்காரனின் கடமை. காயப்படுத்திவிட்டுத் தேடிப் போவது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்துவிட்டோம் அல்லவா?

துப்பாக்கி வைத்திருப்பது வேறு, அதைப் பேணுவது வேறு. கிந்தாப் பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்க முதலாளிகளும் தோட்டத் துரைமார்களும் அதிகாரிகளும் வாங்கினார்கள். புதர் வெட்டியவர்கள், தடம் பார்த்தவர்கள், இறைச்சி சுமந்தவர்கள் வேறு. லயத்தில் இருந்த நம்மவர்க்கு உரிமம் எட்டாக்கனி. பால்மரக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டால் தகரம் தட்டி விரட்டுவதுதான் அவர்கள் வேலை.

அன்றைய ஈப்போவைச் சுற்றி எத்தகைய காடு இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி போதும். பேராக்கில் பணியாற்றிய ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1907இல் வெளியிட்ட நூலில் பிஞ்சிப் பள்ளத்தாக்கின் காண்டாமிருகத்துக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். இன்றைய ஈப்போவின் வாசற்படியில் இருக்கும் அதே பிஞ்சி! மலேசியாவின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. அந்த இனம் இந்த நாட்டில் முடிந்துவிட்டது.

இது நடக்கப்போகிறது என்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தவர் ஒருவர் உண்டு. அவரே ஒரு பெரிய வேட்டைக்காரர்.

*

ஈப்போ ரயில் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அதை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். எதிரே இருக்கும் நகர மண்டபமும் அவருடையதே. அவருக்கு ஒரு தம்பி, தியோடர். அண்ணன் கட்டடம் கட்டினார். தம்பி காட்டுக்குள் போனார்.

தியோடர் ஹப்பேக் 1905இல் மலாய்க் கூட்டரசின் யானை, செலாடாங் வேட்டை பற்றி ஒரு நூல் எழுதினார். வேட்டையாடுவதற்காக அலாஸ்காவரை போனவர். ஆனால் அவரை இந்தத் தொடருக்குள் கொண்டுவரும் காரணம் அதற்குப் பிறகு நடந்தது. விலங்குகள் குறைவதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். பார்த்தபின் சும்மா இருக்கவில்லை. 1930இல் மலாயா வனவிலங்கு ஆணையத்தின் பொறுப்பை ஏற்று, மாநிலம் மாநிலமாகச் சென்று சாட்சியம் கேட்டார். 1932இல் மூன்று தொகுதி அறிக்கை வந்தது. அவருடைய விடாப்பிடியால் பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்றின் எல்லையில் 4,343 சதுர கிலோமீட்டர் காடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்கா ஆனது. இன்று அதன் பெயர் தாமான் நெகாரா.

நல்ல துப்பாக்கியை நேசித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான். குறி தப்பாமல் சுடத் தெரிந்தவர், எதைச் சுடக் கூடாது என்று சட்டம் எழுத உட்கார்ந்தார். கார்பெட்டும் இதே வழியில்தான் வந்தார். இருவருமே காட்டைத் துப்பாக்கியின் குறிமுள் வழியாக நெடுங்காலம் உற்றுப் பார்த்தவர்கள். அந்தப் பார்வை இல்லாமல் அவர்களுக்கு அந்த அக்கறை வந்திருக்காது என்பது என் துணிபு.

பூங்கா பிறந்து சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1941 டிசம்பர் எட்டாம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு ஹப்பேக்கின் வாழ்வும் அந்தக் குழப்பத்தில் முடிந்தது.

*

இப்போது கம்பாருக்கு வருவோம். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, ஈப்போவுக்குத் தெற்கே அங்குள்ள குன்றின் சரிவுகளில் பிரிட்டிஷ் படைகளும் இந்தியப் படைகளும் ஜப்பானியரைத் தடுத்து நின்றன. இரு தரப்பின் கையிலும் போல்ட் துப்பாக்கிகளே. இந்தப் பக்கம் பத்துத் தோட்டா லீ என்ஃபீல்டு. அந்தப் பக்கம் அரிசாக்கா. அரிசாக்காவின் போல்ட்டைத் திறந்து பாருங்கள்: முன்தலையில் இரண்டு பூட்டுப் பற்கள், பக்கவாட்டில் நீண்ட நகம். ஓபர்ன்டார்ஃபின் பிள்ளைதான் அதுவும்!

பிரிட்டிஷார் பின்வாங்கினார்கள். ஐந்து நாளில் சிலிம் ரிவரிலும் உடைந்தார்கள். காட்டோரத்தில் கைவிடப்பட்ட துப்பாக்கிகளை யார் பொறுக்கினார்கள்? ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் போன கெரில்லாக்கள். பின்னர் வானிலிருந்தும் அவர்களுக்கு ஆயுதம் விழுந்தது. 1945 டிசம்பரில் அவர்களுடைய படை கலைக்கப்பட்டது. ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்துப் பிரிட்டிஷார் ஆயுதங்களைத் திரும்ப வாங்கினார்கள். எல்லாம் திரும்பி வரவில்லை. நிறைய காட்டுக்குள்ளேயே புதைந்து கிடந்தது.

1948 ஜூன் 16, காலை எட்டரை மணி. சுங்கை சிப்புட், எல்ஃபில் தோட்டம். பால்வெட்டு நடந்துகொண்டிருக்கிறது. ஆர்தர் வாக்கர் துரை அலுவலகத்தில் இருக்கிறார். மூன்று இளைஞர்கள் சைக்கிளில் வந்து இறங்குகிறார்கள். வணக்கம் சொல்கிறார்கள்.

அவர் பதிலுக்கு வணக்கம் சொன்னாரா? சற்று நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது என்ன? அதன்பின், உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று வந்த சட்டம் வேட்டைக்காரர்களின் அலமாரியை எப்படி மாற்றியது? அடுத்த வாரம் பார்ப்போம். சுங்கை சிப்புட் தோட்டங்களில் அந்நாளில் வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)