நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் காலம்: தமிழ்நாட்டில் ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு பற்றிய விவாதம் பெரும்பாலும் தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்பதோடு நின்றுவிடுகிறது. இக்கட்டுரை வேறொரு கேள்வியைப் பின்தொடர்கிறது. அத்தேர்வுக்குப் படிக்கும் காலம் மாணவரின் வாழ்க்கையில் எங்கே அமைந்தது? அந்தக் காலத்துக்கான செலவை யார் ஏற்றார்கள்? சேர்க்கை விதி மாறும்போதெல்லாம் இந்தக் காலம் இடம் மாறியிருக்கிறது. பள்ளியின் பொறுப்பிலிருந்து மெல்ல மெல்லக் குடும்பத்தின் பொறுப்புக்கு நகர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நேர்காணலிலிருந்து எழுத்துத் தேர்வுக்கு

அறுபதுகளில் மருத்துவ இடங்களை மாவட்டவாரியாக ஒதுக்கிய முறையை, 1968-இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அடுத்து, 1970-இல் பெரியகருப்பன் வழக்கு வந்தது. நேர்காணலுக்குரிய 75 மதிப்பெண்ணைத் தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக வழங்கிய முறை அதில் கண்டனத்துக்கு உள்ளானது. பரிந்துரைக்கு இடம் தரும் நேர்காணலைவிட, எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்பது நியாயமாகத் தோன்றியதற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம் எனலாம்.

1978-இல் பிளஸ் ஒன், பிளஸ் டூ எனப்படும் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கும், நுழைவுத் தேர்வு மதிப்பெண் 100-க்கும் கணக்கிடப்பட்டு, 300-க்குக் ‘கட்-ஆஃப்’ அமைந்தது.

கோடைக்காலத் தயாரிப்பு

பொதுத்தேர்வு முடிந்த கையோடு நுழைவுத் தேர்வுக்கான சில வாரப் பயிற்சி தொடங்கும். பொதுத்தேர்வில் ஒரு சூத்திரத்தைப் படம் வரைந்து, படிப்படியாக வருவித்து, பக்கக்கணக்கில் எழுதினால் முழு மதிப்பெண். நுழைவுத் தேர்விலோ அதே பாடத்தில் நான்கு விடைகளுள் ஒன்றைச் சட்டென்று தேர வேண்டும். இந்த இரண்டாவது பழக்கத்தைப் பள்ளி கற்றுத் தரவில்லை. பயிற்சி மையம் கற்றுத் தந்தது. கிராமத்துப் பிள்ளை அதைப் பெற நகரத்தில் உறவினர் வீடோ விடுதியோ தேட வேண்டியிருந்தது. ஆயினும் செலவு ஒரு கோடைக்குள் அடங்கியது.

இரண்டாண்டு பிளஸ் டூ

2005-இலும் 2006 தொடக்கத்திலும் இந்த நுழைவுத் தேர்வை நீக்க ஜெயலலிதா அரசு எடுத்த முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பின்னர் மு. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டிக் கருணாநிதி அரசு தேர்வை நீக்கும் சட்டம் இயற்றியது. 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அது நடைமுறைக்கு வந்தது. கட்-ஆஃப் 200 ஆனது.

நகரப் பயிற்சி மையத்தின் பிடி தளர்ந்தது உண்மை. ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானதும், பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டி, பிளஸ் டூ பாடத்தையே இரண்டாண்டும் நடத்தின. நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளை நோக்கிப் பெற்றோர் படையெடுத்தார்கள். தயாரிப்பு பள்ளிக்குள் திரும்பிவிட்டதாகத் தோன்றியது. உண்மையில் அது பாதிப் பாடத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது இதைச் சரிசெய்யவே.

நீட்: பள்ளிக்குப் பிந்தைய ஆண்டு

மருத்துவப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான நீட், 2013-இல் முதன்முதலாக நடந்து, அவ்வாண்டே உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாகி, 2016-இல் மீண்டது. தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு 2017 முதல் கட்டாயமானது. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் வந்த மாணவர்கள் அத்தேர்வில் தடுமாறியது வியப்பன்று.

தேர்வின் அமைப்பை அருகில் சென்று பார்ப்போம். 180 வினாக்கள், 720 மதிப்பெண்; சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறைவு. நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்து, ஒன்று சரியாக அமைந்தால் மிஞ்சுவது 1 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகளை விலக்கத் தெரிந்தவர் இரண்டைச் சரியாக அடித்தால், அதே நான்கில் 6 மதிப்பெண் எடுப்பார். இந்த விலக்கும் திறன் மாதிரித் தேர்வுகளைத் திரும்பத் திரும்ப எழுதி வருவது. அதற்கு நாள் வேண்டும்.

அந்த நாள் எங்கிருந்து வந்தது என்பதை நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை காட்டுகிறது. மருத்துவம் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. ‘ரிப்பீட்டர்’ என்ற சொல் வீட்டுப் பேச்சில் புகுந்தது. ஓராண்டு பிள்ளையின் சம்பாத்தியத்தை எதிர்பாராமல், கட்டணமும் கட்டி, மகளையோ மகனையோ மீண்டும் படிக்க வைக்க முடிந்த வீட்டுக்கே அந்த ஆண்டு வாய்க்கும். அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இந்த ஏற்றத்தாழ்வை ஒப்புக்கொண்ட நடவடிக்கை.

முடிவுரை

ஒரு கோடை, இரண்டாண்டு, பிறகு பள்ளி முடிந்த பின் மேலும் ஓராண்டு. விதிகள் வேறு வேறு. ஆனால் ஒவ்வொன்றும் மாணவரின் அறிவோடு சேர்த்து, அவர் குடும்பத்தால் வாங்க முடிந்த காலத்தையும் அளந்திருக்கிறது. ஆகவே எந்தச் சேர்க்கை முறைக்கும் வைக்க வேண்டிய உரைகல் ஒன்றே: அரசுப் பள்ளியில் இரண்டாண்டும் ஒழுங்காகப் படித்த பிள்ளை, வேறெங்கும் போகாமல், முதல் முயற்சியிலேயே அதை எதிர்கொள்ள முடியுமா? அதற்கு ‘முடியும்’ என்று பதில் சொல்லும் முறையைத்தான் நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.