வலக்கோடியில் நின்றவர்

ரக்பி ஆட்டத்தில் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் விங்கரின் உத்தியோகம் விசித்திரமானது. மற்றவர்கள் நடுவில் முட்டி மோதிச் சேற்றில் புரண்டுகொண்டிருக்க, அவர் தமக்கு எப்போது பந்து வரும் என்று குளிரில் காத்து நிற்க வேண்டும். 1956 முதல் 1963 வரை இங்கிலாந்துக்காக 20 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய பீட்டர் ஜாக்சன், அவ்விதம் காத்து நிற்பதில் தேர்ந்தவர்.

1930-ல் பர்மிங்ஹாமில் பிறந்து, கோவென்ட்ரி சங்கத்துக்கு ஆடிவந்த அவர், 1957-ல் எரிக் எவன்ஸ் என்ற 36 வயதுத் தலைவரின் கீழ் இங்கிலாந்து ஐந்து நாடுகள் போட்டியில் நான்கு எதிரிகளையும் வரிசையாக வென்றபோது அவ்வணியில் இருந்தார். 1928-க்குப் பிறகு அந்நாட்டுக்கு அப்பாக்கியம் கிட்டியது அப்போதுதான். பிரான்ஸை 9-5 என்று வென்ற ஆட்டத்தில் அவர் போட்ட டிரைகள் இரண்டு. எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றும் டிரைக்கு அந்நாளில் 3 புள்ளிகளே.

ஆனால் ரசிகர்கள் இன்றும் பேசுவது 1958 பிப்ரவரி 1-ந் தேதி டிவிக்கன்ஹாம் மைதானத்தில் நடந்ததைத்தான். ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம், இங்கிலாந்து அணியில் ஒருவர் காயமுற்று வெளியேறிவிட்டார், மாற்று ஆட்டக்காரரை இறக்க அக்காலத்து விதிகள் இடம் தரவில்லையாதலால் மீதி 14 பேரே போராடினார்கள். 6-6 என்ற சமநிலையில், காயங்களுக்காக நீட்டித்த நேரமும் தீர்ந்துகொண்டிருந்த சமயம், வலது ஓரத்தில் ஜாக்சன் கைக்குப் பந்து வந்தது. வேகத்தைக் காட்டிலும், ஒரு பக்கம் சாய்வதாகப் போக்குக்காட்டி மறுபக்கம் நழுவும் சாமர்த்தியமே அவருடைய சொத்து. தடுக்க வந்தவர்களை அதனால் ஏய்த்துவிட்டு, கடைசியில் ஒருவர் பற்றி இழுக்க இழுக்க மூலையில் பாய்ந்து விழுந்தார். 9-6!

மறு வருஷம், பிரிட்டிஷ் தீவுகளின் கூட்டு அணியான பிரிட்டிஷ் லயன்ஸோடு நியூஸிலாந்துக்குப் பிரயாணமானார். டனீடினில் லயன்ஸ் நான்கு டிரைகள் போட்டும், நியூஸிலாந்தின் டான் கிளார்க் அடித்த, தலா 3 புள்ளி பெறும் ஆறு பெனால்டி உதைகளால் 17-18 என்று தோற்றது. இது நியாயம்தானா என்று கேட்டால், விதிப்படி நியாயமே. ஆக்லாந்தில் நடந்த கடைசி டெஸ்டில் ஜாக்சன், ஓ'ரைலி, ரிஸ்மன் மூவரும் ஆளுக்கொரு டிரை போட்டு 9-6 என்று பழிதீர்த்தார்கள்.

இத்தனை கீர்த்தியோடு திரும்பியவரை, அடுத்த மூன்று வருஷங்களில் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் இங்கிலாந்து அழைத்தது. காரணம் தேர்வாளர்களுக்கே வெளிச்சம்! பிறகு 1963-ல் 32 வயதில் மீண்டும் அழைக்கப்பட்டு, ஐந்து நாடுகள் போட்டியின் நான்கு ஆட்டங்களிலும் ஆடினார். இங்கிலாந்துதான் அவ்வருஷச் சாம்பியன். மார்ச் மாதம் ஸ்காட்லாந்தை 10-8 என்று வென்ற ஆட்டமே அவருக்குக் கடைசி. அன்றைய புகழெல்லாம் தலைவர் ரிச்சர்ட் ஷார்ப் போட்ட டிரைக்கே போயிற்று. அவரைப் பற்றி அடுத்த வாரம்.