நுவரெலியா செல்லும் நண்பர்களுக்கு

லண்டனில் நெடுங்காலமாக வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளைகளுடன் இலங்கைக்கு வருவதாகவும் நுவரெலியாவில் இரண்டு நாட்கள் தங்கவிருப்பதாகவும் கூறி, "எவற்றைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். இங்கிலாந்தில் வாழ்பவர் 'சின்ன இங்கிலாந்தை'ப் பார்க்க வருவது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. அவருக்குச் சொன்னவை பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளை நகரத்துக்கு ஒதுக்குங்கள். நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் எந்த மாதமாயினும் கம்பளிச் சட்டை அவசியம். 1894 இல் கட்டப்பட்ட செங்கல் தபாலகம், 1876 இல் தொடங்கிய ஹில் கிளப், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் மாளிகையாக இருந்து விடுதியாக மாறிய கிராண்ட் ஹோட்டல், ஆளுநர் கிரகரியின் பெயர் தாங்கிய ஏரி ஆகியவற்றை நடந்தே பார்க்கலாம். 1848 இல் இங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் ஆங்கிலேயக் கிராமம் ஒன்றையே உருவாக்க முயன்றவர்.

ஆனால், நகரத்தோடு நின்றுவிடாதீர்கள். 1990களில் ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டத்தைப் பற்றி எழுத நான் அங்கு அனுப்பப்பட்டேன். குதிரைப் பந்தயம், மலர்கள், குளிர் என ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அதில் 'லயம்' என்ற சொல் ஒருமுறைகூட இடம்பெறவில்லை. அந்தப் பிழையை நீங்களும் செய்ய வேண்டாம்.

இரண்டாம் நாள் நானுஓயா, தலவாக்கலை வழியாக ஹட்டனுக்குச் செல்லுங்கள். சென்கிளேயர், டெவன் நீர்வீழ்ச்சிகள் வழியிலேயே உள்ளன. சாலையின் இருமருங்கும் விரிந்திருக்கும் தேயிலைதான் அந்த மாளிகைகளைத் தாங்கி நின்றது. முதலில் கோப்பி, 1869 இல் பரவத் தொடங்கிய இலைநோயால் அது அழிந்தபின் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர் மலைகளையெல்லாம் மூடியது. புகையிரதம் 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது.

காடழித்துப் பயிரிட்டவர்கள் தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்களில் பலர் கொலராவுக்கும் பசிக்கும் இரையாகினர். அந்த வழியை நினைவுகூர்ந்து 2023 இல் அவர்களின் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர்.

ஹட்டன் வெறும் கடைத்தெருவன்று. கோதண்டராம நடேசய்யர் 1931 இல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய ஊர் அது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை பாடல்களாலேயே மக்களைத் திரட்டினார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று இரு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

கொழுந்து பறிப்பவர்களைப் படமெடுக்குமுன், "அக்கா, எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வெள்ளைக்காரப் பயணிக்கு இல்லாத வசதி உங்களுக்கு உண்டு. அவர்களுடைய மொழியே உங்களுடையதும். எனினும் நீண்டநேரம் மறித்து வைக்காதீர்கள். கூடையின் நிறைதான் அவர்களின் கூலி. யாரேனும் அழைத்தால் லயத்துக்குள் செல்லுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அறையில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதைப் பிள்ளைகளும் பார்க்கட்டும். தலைமுறைகளாக வாழ்ந்தும் பெரும்பாலானோருக்கு அந்த நிலம் சொந்தமில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் பெரும் மண்சரிவுகள் நேர்ந்தன. ஆகவே புறப்படுமுன் சாலைகளையும் புகையிரத சேவையையும் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். சரிவுகளில் வாழ்வோர் பாதுகாப்பான நிலம் கேட்பது ஏன் என்பதும் அந்த மலைகளைப் பார்த்தாலே விளங்கும்.

நண்பரிடம் இறுதியாக ஒன்று சொன்னேன். செங்கல் தபாலகத்தில் முதல் நாள் அஞ்சலட்டைகளை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால், அவற்றை ஹட்டனிலிருந்து திரும்பிய பிறகு எழுதுங்கள்.