தாளத்தை எழுதி வைக்க முடியுமா?

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலத்தில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து ஒரு சிவன் கோயில் அமைத்தான். அவனிபாஜன பல்லவேசுவரம் என்பது அதன் பெயர். அங்கே தூண் ஒன்றில், காலைத் தூக்கி ஆடும் சிவனின் சிறிய புடைப்புச் சிற்பம் உண்டு. தமிழ்நாட்டில் கல்லில் வடித்த நடராச வடிவங்களுள் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. தூக்கிய கால் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. அந்த ஆட்டத்திற்கு முழங்கிய தாளம் யாது? கல் அதைச் சொல்வதில்லை.

இசையைக் கல்லில் எழுத அக்காலத்தார் அறியாதவரல்லர். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் சுரங்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. (அதைப் பொறித்தவன் மகேந்திரனே என்பாரும் உளர், மறுப்பாரும் உளர்.) தாளமோ வாய்வழியே வாழ்ந்தது. மூன்றுக்குத் ‘தகிட’, நான்குக்குத் ‘தகதிமி’, ஐந்துக்குத் ‘தகதகிட’ எனச் சொல்லிப் பழகிய பின்னரே கை மிருதங்கத்தைத் தொடும்.

கடல் கடந்த மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே வழக்கத்தைக் காண்கிறோம். நைஜீரியாவில் பிறந்த பாபாதுண்டே ஒலாதுஞ்சி (1927–2003) அமெரிக்க மாணவர்களுக்குக் ‘கூன், தூன், கோ, தோ, பா, தா’ என்ற ஆறு சொற்களைக் கொண்டே முழவு கற்பித்தார். முதலிரண்டும் தோலின் நடுவில் எழும் கனத்த ஒலி. அடுத்த இரண்டு விளிம்பில் எழும் தெளிந்த ஒலி. கடைசி இரண்டும் அறையும் ஒலி. ஒவ்வோர் இணையிலும் முதற்சொல் ஒரு கைக்கு, மற்றது மறு கைக்கு.

இத்தாளங்களைத் தாளில் எழுத 1962-இல் கலிபோர்னியாவில் பிலிப் ஹார்லண்ட் எளிய முறை ஒன்றை வகுத்தார். சம அளவுள்ள கட்டங்களை வரிசையாக வரைந்து, அடி விழும் கட்டத்தில் குறியிட வேண்டும்; வெற்றுக் கட்டம் மௌனம். இன்று இணையத்தில் கிடைக்கும் முழவுப் பயிற்சிக் கருவிகள் பலவற்றிலும் நாம் காண்பது இத்தகைய கட்டங்களையே. குறியிட்டால் கணிப்பொறி அதை அலுக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம்.

ஒரு சான்று பார்ப்போம். கானா, டோகோ நாடுகளில் வாழும் ஏவே மக்களின் இரும்பு மணித் தாளம் பன்னிரண்டு கட்டங்கள் கொண்டது. 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகியவற்றில் அடி. நம் சொல்லில் ‘தக தக த, தக தக தக த’. அட, ஐந்தும் ஏழும்! கண்டமும் மிஸ்ரமும் சேர்ந்ததல்லவா என்று நமக்குத் தோன்றும்.

இங்கேதான் வழுக்கல். ஆடுபவரின் பாதம் 1, 4, 7, 10 என நான்கு சம அடிகளாக விழுகிறது. மணியோடு அது சேர்வது 1, 10 ஆகிய இரண்டிடங்களில் மட்டுமே. ஐந்து கூட்டல் ஏழு என்று எண்ணுவோர்க்கு அந்த இழுபறி கேட்பதே இல்லை. இவ்வகைக் கூட்டல் கணக்கில் ஆப்பிரிக்கத் தாளத்தை அடக்குவதைக் கானா நாட்டு இசையறிஞர் கோஃபி அகாவு வன்மையாக மறுத்துள்ளார். ஆட்டத்தைப் பாராமல் தாளத்தின் அடிப்படை விளங்காது என்பது அவர் வாதம். கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு; எந்தக் கட்டத்தில் பாதம் விழும் என்று மணியின் வரிசை மட்டும் காட்டாது.

ஆகவே கருவியில் மணியை ஒலிக்கவிட்டு, எழுந்து நின்று, மூன்று கட்டத்துக்கு ஓர் அடியாக நடந்து பாருங்கள். முதலில் கால் மணியின் பின்னே ஓடப் பார்க்கும். கால் தன் வழியில் நிலைத்த பிறகு, வாயால் ‘தக தக த’ சொல்லத் தொடங்கலாம். கைக்கு முழவு அதன் பிறகு போதும்.