காருக்குள் இருந்தவன்

காப்பியத் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் நெறி. அந்நூல் தோன்றுவதற்கு முன்பே அதற்குள் அடங்காத தலைவன் ஒருவனைத் தமிழ் படைத்துவிட்டது. மனைவியைப் பிரிந்து, முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்து, வெறுங்கையோடு மீண்டவன் கோவலன். கொலைக்களக் காதையில் அவன் தன் இழிவுகளைத் தானே கண்ணகியின்முன் எடுத்துரைக்கிறான். கற்போர் நெஞ்சம் அவன்பால் இளகும் இடம் அதுவே. எதிர்நாயகன் என்று இன்று வழங்கும் பாத்திரத்தின் உயிர்நிலையை இளங்கோவடிகள் அங்கே தொட்டுவிட்டார் எனலாம்.

இக்காலக் கலையில் சென்னை நகரம் தந்த முதன்மையான எதிர்நாயகர்களுள் ஒருவன் திரைப்படத்தில் தோன்றினான். வீணை எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தின் ராஜன், வானொலிப் பொறியாளன். தன் அறிவை அரசு மதிக்கவில்லை என்ற மனக்கசப்பில் போர்க்கால இரகசியங்களை ஜப்பானியருக்கு விற்றவன். 1943இல் சென்னைமீது குண்டு விழுந்த நாள்களைப் பின்னணியாகக் கொண்ட கதை அது. படத்தின் தொடக்கத்திலேயே அவன் சுடப்பட்டு இறந்துவிடுகிறான். பிறகு அவனை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக வாய்திறக்க, அவர்கள் சொற்களிலிருந்தே அவன் உருப்பெறுகிறான். அவனுக்கென்று ஒரு நியாயம் இருந்தது. தன்மீது ஐயம் மட்டும் அவனுக்கு இல்லை. கோவலனிடமிருந்து அவன் விலகி நிற்பது இங்கேதான்.

உரைநடையில் இப்பாத்திரத்தை நிலைநிறுத்தியவர் ஜெயகாந்தன். அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை பெய்யும் மாலையில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் கல்லூரி மாணவி. அவளருகே வந்து நிற்கும் பெரிய கார். இரவில் வீடு திரும்பும் மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூய்மையானவள் என்று தேற்றும் தாய். கதை வாசகரிடையே பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. கண்டனம் எழுதியோரும் முடிவை மாற்றி எழுத முற்பட்டோரும் பலர். அந்தச் சினம் யார்மீது பாய்ந்தது என்பதே கருதத்தக்கது. தாய் செய்தது தகுமா, மகளின் கற்பு என்னாயிற்று என்றுதான் ஊர் வழக்காடியது. காரில் வந்தவனைப் பற்றிப் பேசியோர் அரியர். அவனுக்குக் கதையில் பெயர்கூட இல்லை. பெயரில்லாதவனை எந்த மன்றத்தில் நிறுத்துவது?

நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஜெயகாந்தன் அவனை நிறுத்தினார். தினமணி கதிரில் தொடராக வந்து 1970இல் நூலுருப் பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் தாய் மாறிவிடுகிறாள். கூக்குரலிட்டு ஊரைக் கூட்டுகிறாள். கங்கா தமையன் வீட்டிலிருந்து வெளியேற்றப்படுகிறாள். படிக்கவைத்த மாமனின் பார்வையோ வேறு வகையானது. கதையில் நிகழ்ந்தது நடந்திருக்க வேண்டியது, நாவலில் நிகழ்வது நடந்தது என்ற விந்தையான அமைப்புக்காக, அக்கதையை எழுதியவராக ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளரையும் நாவலுக்குள் ஆசிரியர் உலவவிட்டார். அவர் துணையால் கங்கா அந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனுக்கு இப்போது பிரபு என்று பெயர் உண்டு. மனைவி உண்டு, வளர்ந்த மகளும் உண்டு, வீட்டில் மதிப்பு மட்டும் இல்லை.

பாத்திரப் படைப்பின் திறம் இங்கேதான் வெளிப்படுகிறது. பிரபுவைக் கொடியவனாகத் தீட்டியிருந்தால் வாசகர் எளிதாக வெறுத்துவிட்டுப் போயிருப்பர். திருந்திய உத்தமனாக்கியிருந்தால் எளிதாக மன்னித்திருப்பர். இரண்டுக்கும் ஆசிரியர் இடங்கொடுக்கவில்லை. பிரபு குடிக்கிறான், சோம்பித் திரிகிறான், தன்னை உதவாக்கரை என்று தானே அறிந்திருக்கிறான். கோவலனின் வாய்மொழி இருபதாம் நூற்றாண்டில் இவன் வாயில் திரும்பக் கேட்கிறது. பெண் மகவைப் பெற்றவன் என்பதால், பண்டு தான் செய்ததன் பொருள் அவனுக்குக் காலந்தாழ்ந்து விளங்குகிறது. அந்த விளக்கம் அவனை வேறொருவனாக மாற்றிவிடுவதும் இல்லை.

இன்னொன்று, கதை பெரிதும் கங்காவின் பார்வையில் நகர்கிறது. குற்றவாளியை வாசகர் காண்பது குற்றத்துக்கு ஆளானவளின் கண்களால். அவள் அவனிடம் பரிவு கொள்ளும்போது வாசகர் திடுக்கிடுகிறார். அவளைத் தடுக்க விரும்புகிறார். தடுக்கும் உரிமை தமக்கு ஏது என்றும் எண்ணுகிறார். ஆசிரியரே முன்வந்து பிரபுவுக்காக வாதாடியிருந்தால் இந்த இடர்ப்பாடு நேர்ந்திராது, நாவலும் நின்றிராது. எதிர்நாயகனை எழுத முனைவோர் பலர் இடறுவது இங்கேதான். அவனுக்காக வழக்குரைக்கும் வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டுவிடுகின்றனர்.

நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிட்டியது. மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இடைப்பட்ட ஆழ்வார்ப்பேட்டையில் ஜெயகாந்தனைச் சூழ்ந்து கூடிய சபை, பின்னாளில் இலக்கிய அன்பர்களின் நினைவில் தனியிடம் பெற்றது. 1974இல் ஜி. நாகராஜன் ‘நாளை மற்றுமொரு நாளே’ நாவலில் கந்தனைக் கொணர்ந்தார். ஒரே நாளின் கதை. கந்தன் தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்வதில்லை, நியாயப்படுத்திக்கொள்வதும் இல்லை; வாழ்கிறான், அவ்வளவே. கலைநேர்த்தியில் கந்தனே ஒருபடி மேல் என்று கொள்வாருண்டு. ஆனால் கந்தன் வாழும் உலகம் நடுத்தர வகுப்பு வாசகருக்குத் தொலைவில் இருந்தது. பிரபுவின் கார் அவர்கள் வீட்டுத் தெருவுக்கே வந்து நின்றது.

1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் நாவல் திரைப்படமாயிற்று. கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார், பிரபுவாக நடித்தவர் ஸ்ரீகாந்த். மணவறையில் இருவரையும் சேர்த்துவைத்து மங்களம் பாடும் வழக்கத்துக்கு நாவல் இணங்கவில்லை. கங்கா வேறொருவனை மணந்து நலமாக வாழவேண்டும் என்று கூறி பிரபு விலகிப்போகிறான். அவன் செய்த செயல்களுள் ஓரளவேனும் உயர்ந்தது எனத்தக்கது அதுவே. அவளை முற்றிலும் உடைத்ததும் அதுவே. இறுதிப் பக்கங்களில் பிரபுவின் மதுக்கிண்ணம் கங்காவின் கைக்கு வந்துவிடுகிறது.